நாற்பதிலேயே தொடங்கும் ஏற்பாடு

ஜப்பானில் 65 வயதைத் தொட்டவர்கள் 1970-இல் நூற்றுக்கு ஏழு பேர், 1994-இல் பதினான்கு. படுத்த படுக்கையான பெரியவர்களை மருமகளே பார்த்துக்கொள்வாள் என்று இனி விட்டுவிட முடியாது. அதை உணர்ந்த அரசு 1997-இல் சட்டம் இயற்றி, 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது.

40 வயதானதும் சந்தா கட்ட வேண்டும். பாதிச் செலவு அதிலிருந்து, மீதி வரிப்பணத்திலிருந்து. உதவி கேட்டால் வீட்டுக்கே ஆள் வந்து, எழுந்து நிற்க முடிகிறதா, சட்டையைத் தானே போட்டுக்கொள்கிறாரா என்று பார்ப்பார்கள். தேவைக்கேற்பக் குளிப்பாட்ட ஆள் வரும். பகல்நேரப் பராமரிப்பு இல்லத்துக்கு வண்டி வரும். பெரும்பாலோர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்.

மூன்று ஆண்டுக்கொருமுறை உள்ளாட்சிகள் இத்திட்டத்தைத் திருத்தியமைக்கின்றன. முதுமை எல்லோருக்கும் வரும். உடம்பில் தெம்பிருக்கும்போதே அதற்கு வழிசெய்து வைப்பதே நாட்டுக்கு அழகு.