சந்தைக்குப் போகும் வழி

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் சம்பவம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சொந்தக் காலில் நின்றார். பயான்களில் நாம் அதிகம் கேட்பது ஸஅத் (ரலி) அவர்களின் தாராளத்தைத்தான். சந்தைக்குப் போகும் வழி அந்த அகதிக்குத் திறந்திருந்ததே, அதை நாம் யோசிப்பதில்லை.

பங்களாதேஷின் காக்ஸ் பஜாரில் வாழும் ரோஹிங்கிய மக்களுக்கு அந்த வழிதான் அடைபட்டிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை தாண்டினார்கள். முன்பே வந்தவர்களையும் பிறகு பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, இன்று 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்த அரசையும், கூலி வேலைக்குப் போட்டி வந்தும் பொறுத்துக்கொண்ட உள்ளூர் ஏழைகளையும் நாம் பழிக்க முடியாது. ஆனாலும் நடப்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அனுமதியில்லாமல் முகாமை விட்டு வெளியே போகக் கூடாது, வேலை செய்யக் கூடாது. 2019-ல் முகாம்களைச் சுற்றி முள்வேலி போடத் தொடங்கினார்கள். 2021 மார்ச் 22 அன்று மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. சுமார் 45,000 பேர் ஒரே நாளில் இருக்க இடமில்லாமல் நின்றார்கள். குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். வேலி தடுத்ததால் ஓட முடியவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டின் இறுதியில், ரோஹிங்கியர்கள் தாங்களே நடத்திய பள்ளிகளை மூட உத்தரவு வந்தது. முகாமுக்குள் இருந்த பல சிறு கடைகள் இடிக்கப்பட்டன.

சம்பாதிக்க வழியில்லாதவருக்கு ரேஷன்தான் எல்லாம். 2023-ல் நிதி குறைந்ததும், ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி 8 டாலராக இறங்கியது. ஒரு மாதத்துக்கு, சகோதரிகளே! பிறகு கூட்டினார்கள் என்றாலும், இந்த நிலையில் இளைஞர்கள் தரகர்களை நம்பி மலேசியாவுக்குப் படகேறுவதில் என்ன ஆச்சரியம்?

வெளியே விட்டால் ஊர் திரும்ப மாட்டார்கள் என்ற அச்சம் அங்கே உண்டு. அடைத்து வைத்தும் பெருமளவில் யாரும் திரும்பவில்லையே. ராக்கைனில் பாதுகாப்பும் இல்லை, குடியுரிமையும் இல்லை.

தாய்லாந்தும் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேராத நாடுதான். மியான்மர் எல்லையோரம் உள்ள 9 முகாம்களில் கரேன் உள்ளிட்ட மக்களைப் பல்லாண்டுகளாக அடைத்தே வைத்திருந்தது. அவர்களில் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. வெளிநாட்டு உதவி வற்றி, வேலைக்கு ஆள் பற்றாக்குறையும் வந்தபோது, 2025 ஆகஸ்டில் அவர்கள் வெளியே சென்று சட்டப்படி வேலை செய்ய அனுமதிப்பதென முடிவெடுத்தது. இரக்கத்தைவிடக் கணக்குதான் காரணம் என்பார்கள். இருக்கட்டுமே, கூலி வாங்கும் கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அரிசிக்கும் போர்வைக்கும் நாம் செய்யும் வசூல் நிற்கக் கூடாது. அதோடு, நாம் நன்கொடை தரும் அமைப்புகளிடம் இரண்டு கேள்விகள் கேட்போம்: கைத்தொழிலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் எவ்வளவு செலவிடுகிறீர்கள்? நடமாட்டத் தடையைத் தளர்த்தும்படி அங்குள்ள அதிகாரிகளிடம் பேசுகிறீர்களா? இதற்கான கடிதம் நம் அலுவலகத்தில் தயாராக இருக்கிறது. கையெழுத்திட விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் வரலாம்.