மழையும் வான்கதவும்

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே,

உங்களில் பலர் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மாரிகாலப் பயிரான காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் தண்ணீர் கொடுக்கிற குளம் அது. கோடையில் செய்யும் சிறுபோகத்தில் அப்படி முடியாது. மாரி ஓய்ந்ததும் மாவட்டச் செயலாளர் தலைமையில் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பொறியியலாளர் சொல்வார். எவ்வளவு விதைப்பது என்பது அதை வைத்தே முடிவாகும். வாக்குவாதம் நடக்கும், குரல் உயரும். ஆனாலும் வராத மழையை நம்பி விதைப்பதில்லை. மிச்ச வயலைத் தரிசாக விடும் கமக்காரரை நான் தோற்றவராகப் பார்த்ததே இல்லை.

தண்ணீரைத் திறந்து விடுவதற்கும் நேரம் உண்டு. 2018 டிசம்பர் 21 இரவு கொட்டிய மழையில் குளம் பெருகி, வான்கதவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி விசாரணைவரை போனது. மழையை யாரும் விசாரிக்கவில்லை, கதவைத்தான் விசாரித்தார்கள். அதுதான் சரி.

போரைப் பற்றியும், ‘நடந்தது நடந்துபோச்சு, விடுங்கோ’ என்று வன்னிக்கு அடிக்கடி உபதேசம் வருகிறது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராடத் தொடங்கிய தாய்மாருக்கும் அதே உபதேசம்தான். 2009 மே மாதம் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்தோம் என்று சாட்சியம் சொன்னவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடியவர்களும் பலர். அந்தத் தாய்மார் கேட்பது மழையைப் பற்றியல்ல, கதவைப் பற்றி. அந்தக் கேள்வியை விடச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பிள்ளைகளே, எதை விடுவது, எதை விடக் கூடாது என்பதில் நீங்கள் ஒருபோதும் குழம்பிவிடக் கூடாது.

உங்கள் முன்னால் இருப்பது வேறு கவலை. அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பட்டதாரிகளை உங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருப்பீர்கள். கடிதம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. விண்ணப்பத்தைப் போடுங்கள், போட்டபின் அந்தக் காத்திருப்பை விட்டுவிடுங்கள், அதில் வெட்கம் ஏதுமில்லை. ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். கமக்காரர் அமைப்பின் கணக்கைச் சீராக எழுதிக்கொடுங்கள். அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு அப்பாவோடு, அம்மாவோடு போய் முன்வரிசையில் இருங்கள். அங்கே வாசிக்கப்படும் நீர்மட்டக் கணக்கை விளங்கிக் கேள்வி கேட்க இளையவர்கள் தேவைப்படுகிறார்கள்.