நாலு வாக்கில் விழுந்த வாசல்

(எமது மன்றத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அடுத்ததாகப் பிள்ளைகளின் நடனம் இருக்கிறது. சலங்கை கட்டின பிள்ளைகளைக் காக்க வைத்துக்கொண்டு நான் நீட்டி முழக்குவது அழகல்ல. ஆகவே ஒரேயொரு விசயத்தை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். பேர்ண் நகரத்தில் நாங்கள் அடிக்கடி கடந்துபோகிற, ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாசலைப் பற்றிய விசயம் அது.

பேர்ண் புகையிரத நிலையத்தில் இறங்கி ரவுணுக்குப் போகிறவர்கள் கீழே உள்ள சுரங்கப் பாதையால் நடப்பீர்கள். அதற்குக் கிறிஸ்ரொபெல் பாதை என்று பெயர். அங்கே ஒரு பெரிய மரத் தலை இருக்கிறது. பக்கத்தில் பழைய கற்சுவரின் அடிப்பாகமும் தெரியும். எங்கட ஆட்களில் எத்தனையோ பேர் அந்தத் தலைக்குக் கிட்ட நின்று ஆளையாள் சந்தித்திருப்பார்கள். ஆனால் அது யாருடைய தலை, உடம்பு எங்கே என்று கேட்டவர்கள் குறைவு.

பேர்ண் 1191ஆம் ஆண்டில் தொடங்கிய நகரம். மூன்று பக்கமும் ஆரே ஆறு வளைத்து ஓடுகிறது. ஆகவே மேற்குப் பக்கம் மட்டும்தான் மதில் கட்டிக் காக்க வேண்டியிருந்தது. முதலாவது வாசல், இன்று எல்லோரும் படம் எடுக்கிற சிற்குளொக்கே மணிக்கூட்டுக் கோபுரம். நகரம் மேற்கே வளர, 1256 அளவில் இரண்டாவது மதிலும் வாசலும் வந்தன. அந்த வாசல் நின்ற இடத்தில்தான் பின்னாளில் சிறையாக இருந்த கேபிக் கோபுரம் நிற்கிறது. இன்னும் வளர, 1344க்கும் 1346க்கும் இடையில் மூன்றாவது மதில் எழுந்தது. அதன் பிரதான வாசல்தான் கிறிஸ்ரொபெல் கோபுரம். வீட்டை முன்னுக்கு இழுத்துக் கட்டக் கட்ட, பழைய தலைவாசல் நடுவீட்டுக்குள் வந்துவிடும் அல்லவா? அதுபோலத்தான்.

எங்களுக்குக் கோபுரம் என்றாலே வாசல்தான். கோயில் வாசலில்தானே எங்கட கோபுரங்கள் நிற்கின்றன. பேர்ண் மக்களுக்கும் இது வெறும் கல்லாக இருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் மேலும் உயர்த்தப்பட்டு, சுமார் 55 மீற்றர் உயரத்தில் அந்தக் கோபுரம் நின்றது. 1498 அளவில் அதன் நகரப் பக்கத்து மாடத்தில், ஒன்பது மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், புனித கிறிஸ்தோப்பரின் மரச் சிலையை வைத்தார்கள். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிற புனிதர் அவர். பயணிகளின் காவலர். அவருடைய உருவத்தைக் கண்டவருக்கு அன்றைக்குத் துர்மரணம் வராது என்பது அக்கால நம்பிக்கை. அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். தோளில் பிள்ளையையும் கையில் ஒரு பையையும் வைத்துக்கொண்டு கடல் கடந்து வந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

1528இல் பேர்ண் சீர்திருத்தக் கிறிஸ்தவத்துக்கு மாறியது. புனிதர்களின் சிலைகளுக்கு இடமில்லாமல் போனது. ஆனால் இந்தச் சிலையை எறியவில்லை. தோளில் இருந்த குழந்தையை எடுத்துவிட்டு, வாளும் ஈட்டிக் கோடரியும் கொடுத்து, நகரக் காவலாளியாக ஆக்கிவிட்டார்கள். பிறகு சனம் அவரைக் கோலியாத் என்றும் அழைத்தது. மதம் மாறியது, பெயர் மாறியது, ஆள் மட்டும் வாசலிலேயே நின்றார்.

அவரை வீழ்த்தியது பீரங்கி அல்ல, புகையிரதம். 17ஆம் நூற்றாண்டில் மதிலுக்கு வெளியே கட்டப்பட்ட மண் அரண்களை 1834இலிருந்து அகற்றத் தொடங்கிவிட்டார்கள். மதில் போனபின் வாசலுக்கு என்ன வேலை? 1850களின் கடைசியில் புகையிரதம் வந்தது. கோபுரத்துக்குப் பக்கத்திலேயே நிலையம் எழுந்தது. வண்டிகள் நெரிந்தன. 'இந்தப் பழைய கோபுரம் வழியை மறிக்குது, இடியுங்கோ' என்றது ஒரு பகுதி. 'இது எங்கட நகரத்தின் முகம், கை வைக்காதையுங்கோ' என்றது மறு பகுதி. பல வருசம் இழுபட்ட வழக்கு இது. இதே காலத்தில் வேறு நகரங்களும் மதில்களை உடைத்தன. பாசல் நகரம் 1859இல் சட்டம் போட்டே மதிலை அகற்றத் தொடங்கியது. ஆனால் ஸ்பாலன் வாசலை விட்டுவைத்தது. இன்றைக்கு அந்த நகரத்தின் அழகுகளில் ஒன்று அது.

பேர்ணில் 1864 டிசெம்பர் 15ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. இடிக்க வேண்டும் என்று 415 வாக்கு. வேண்டாம் என்று 411 வாக்கு. வித்தியாசம் நாலு! இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் சமன். மூன்று பேர் மாறியிருந்தால் கோபுரம் தப்பியிருக்கும். அன்றைக்கு அந்த நகரத்தில் சுமார் 29 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். வாக்களித்தவர்களோ 826 பேர்தான். பெண்கள் எவருக்கும் அந்த உரிமை இருக்கவில்லை. இந்த நாட்டில் பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான்.

1865இல் கோபுரம் இடிக்கப்பட்டது. ஐந்நூறு வருசத்துக்கு மேல் நின்ற வாசல் சில மாதத்தில் தரையானது. சிலையின் பெரும்பகுதி ஏழைகளுக்கு விறகாகப் போனது. தலையும் சில துண்டுகளும் தப்பிப் பேர்ண் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுரங்கப் பாதையில் இருப்பது அந்தத் தலையின் மாதிரி. 1970களில் அந்தப் பாதைக்காகத் தோண்டியபோது கோபுரத்தின் அத்திவாரம் வெளியே வந்தது. இந்த முறை அதை மூடாமல், சனம் பார்க்க விட்டுவைத்தார்கள்.

இதை ஏன் புத்தாண்டு நாளில் சொல்கிறேன்?

எங்கட வாசல்களை இடித்தவர்கள் எங்களிடம் கேட்டு இடிக்கவில்லை. போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தபோது வாக்கெடுப்பு வைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்கள் கையுயர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. ஆகவே இழப்பு என்றால் பிறர் செய்வது என்றே எங்கட மனதில் பதிந்துவிட்டது. ஆனால் ஒரு சமூகம், ஒருவரும் வற்புறுத்தாமல், முறைப்படி எண்ணிப் பார்த்தும் தன் வாசலை இழக்கலாம் என்று பேர்ண் காட்டுகிறது. இடிக்கக் கேட்டவர்களும் கெட்டவர்கள் அல்ல. வழி வேண்டும் என்றார்கள், அதிலும் நியாயம் உண்டு. கேள்வி என்னவென்றால், அன்றைக்கு எத்தனை பேர் 'நான் ஒருத்தன் போய் என்ன ஆகப்போகுது' என்று வீட்டிலே இருந்தார்கள் என்பதுதான்.

'நாலு பேர் என்ன சொல்லுவினம்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். அந்த நாலு பேர் எப்போதும் வேறு யாரோ என்று நினைக்கிறோம். இங்கே பிரசாவுரிமை எடுத்த எங்கட பிள்ளைகளுக்கு வருசத்தில் நாலு தரமளவில் வாக்குக் கடித உறை தபாலில் வருகிறது. எத்தனை வீட்டில் அது உடைக்காமலே பழைய பேப்பர்க் கட்டோடு போகிறது! பிரசாவுரிமை இல்லாதவர்களுக்கும் ஒரு வாக்கு உண்டு. எங்கட மன்றத்தின் பொதுக்கூட்டம். தமிழ் வகுப்பை எந்த நாளில் வைப்பது, மண்டபத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுக்க வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வராதவர்கள்தான் பிறகு கூடக் கதைக்கிறவர்கள்!

தமிழ் வகுப்பை ஒருவரும் வந்து இடிக்கப்போவதில்லை. 'இந்தக் கிழமை வேலை, அடுத்த கிழமை பார்ப்பம்' என்று நாலு குடும்பம் சொன்னாலே போதும், வகுப்பு மூடுப்படும். பிறகு தலையை மட்டும் எடுத்து அருங்காட்சியகத்தில் வைக்கலாம்.

இளையோரே, அடுத்த முறை பேர்ண் நிலையத்தில் அந்தத் தலையைக் கண்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் தம்பி தங்கைக்கு 415, 411 என்ற இரண்டு எண்களையும் சொல்லிக் கொடுங்கள். பெற்றோரே, இந்த ஆண்டு அந்த நாலு பேரில் ஒருவராக இருக்கத் தீர்மானியுங்கள்.

 எல்லோர் இல்லத்திலும் இனிமை பொங்க எனது சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.