காற்றே எஞ்சின்: மலை இல்லாத ஊரில் கிளைடர் விடலாம் வாங்க!

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில், நம் குடியிருப்பு அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கடைசியில் கேள்வி-பதிலும் உண்டு.)



இன்றைய கூட்டத்தில் அடுத்து வரப்போகும் பொருள், மொட்டை மாடிக்கு நிரந்தரமாகப் பூட்டுப் போடலாமா என்பது. அதற்கு முன்னால் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் பேசப்போவது கிளைடரைப் பற்றி. எஞ்சின் இல்லாமல், புரொபெல்லர் இல்லாமல், காற்றிலேயே மிதந்து பறக்கும் சின்ன விமானம். பூட்டுக்கும் கிளைடருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பூட்டு விவகாரம் எதனால் வந்தது? காத்தாடியால். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் காத்தாடி புதிது இல்லை. டீல் விடுவது, அறுந்த காத்தாடியைத் துரத்துவது எல்லாம் நம்மில் பலர் செய்ததுதான். ஆனால் மாஞ்சா வேறு விஷயம். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டை பக்கம் அப்பாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து இறந்துபோனது. 2017-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான், செயற்கை நூல் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்துவிட்டது. சென்னைக் காவல்துறையும் மாஞ்சா தயாரிக்க, விற்க, பயன்படுத்தத் தடை போட்டிருக்கிறது. ஆகவே இதில் இரண்டு பேச்சே கிடையாது. நம் வளாகத்துக்குள் மாஞ்சா வரக்கூடாது.

ஆனால் பூட்டு மட்டும் போட்டால் என்ன ஆகும்? பிள்ளை அடுத்த தெரு மாடிக்குப் போவான். அங்கே பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். காற்றோடு விளையாடும் ஆசையை பூட்டுப் போட்டு நிறுத்த முடியாது. அதற்கு வேறு நல்ல வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலைதான் கிளைடர்.

நம் ஊர்க் காற்று

வெயில் காலத்தில் மதியம் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் கிழக்குப் பக்க ஜன்னல் திரை உள்ளே தூக்கிக்கொண்டு வரும், கவனித்திருப்பீர்கள். தரை சீக்கிரம் சூடாகும், கடல் சீக்கிரம் சூடாகாது. தரைமேல் உள்ள சூடான காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அதுதான் கடற்காற்று. மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் இது தாமதமாக வரும். சில நாள் வராமலே போகும்.

அந்தக் காற்று வீசும்போது காசிமேடு துறைமுகப் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். பருந்தும் செம்பருந்தும் றெக்கையை அடிக்காமல் அப்படியே நிற்கும். வாலை மட்டும் லேசாகத் திருப்பும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைச் சுவர் மேலேயும் சில சமயம் இதைப் பார்க்கலாம். கடற்காற்று சுவரில் மோதி மேலே ஏறுகிறது. பறவை அந்த ஏறும் காற்றில் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, கணக்குதான். ஒரு நல்ல சின்ன கிளைடர் அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் அரை மீட்டர் கீழே இறங்கும். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று என்றால் நொடிக்கு 5 மீட்டர். அது 30 டிகிரி சரிவில் ஏறினால் நொடிக்குச் சுமார் இரண்டரை மீட்டர் மேல்நோக்கிப் போகிறது. கிளைடர் அரை மீட்டர் இறங்குகிறது, காற்று இரண்டரை மீட்டர் தூக்குகிறது. மிச்சம் லாபம். காற்று நிற்கும்வரை கிளைடர் கீழே வர வேண்டிய அவசியமே இல்லை. இதைத்தான் ஸ்லோப் சோரிங் என்கிறார்கள். சரிவுக்காற்றில் மிதத்தல் என்று நாம் சொல்லலாம்.

காத்தாடியிலிருந்து விமானம்

பிள்ளைகளே, ரைட் சகோதரர்கள் எதில் ஆரம்பித்தார்கள் தெரியுமா? காத்தாடியில். 1899-ல் சுமார் ஐந்தடி அகலக் காத்தாடி ஒன்றைச் செய்து, றெக்கையை முறுக்கினால் திரும்புகிறதா என்று பார்த்தார்கள். 1900-ல் செய்த கிளைடரையும் பெரும்பாலும் கயிறு கட்டிக் காத்தாடி மாதிரிதான் விட்டார்கள். அதற்கு அவர்கள் தேடிப் போன இடம், கடற்காற்று நிலையாக வீசும், மணல்மேடு உள்ள கிட்டி ஹாக் என்ற கடலோர ஊர். எஞ்சின் வைத்துப் பறந்தது 1903-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டே கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை பறந்து பழகிவிட்டார்கள். 1911 அக்டோபரில் ஆர்வில் ரைட் அதே மணல்மேட்டுக் காற்றில் எஞ்சின் இல்லாமல் 9 நிமிடம் 45 நொடி நின்று காட்டினார். சுமார் பத்து வருடம் அதை யாரும் தாண்டவில்லை.

அதே வேலையை இன்றைக்கு ஆள் ஏறாமல் செய்வதுதான் ரேடியோ கன்ட்ரோல் கிளைடர், பிள்ளைகள் பாஷையில் ஆர்.சி. கிளைடர். எஃப்3எஃப் என்று சர்வதேசப் போட்டியே இருக்கிறது. 100 மீட்டர் தூரத்தைச் சரிவோரமாகப் பத்து தடவை கடக்க வேண்டும், குறைந்த நேரம் எடுத்தவர் வெற்றி. மலை முகட்டுக்குப் பின்னால் காற்று வேகம் மாறும் இடத்தில் சுற்றிச்சுற்றி வேகம் ஏற்றும் இன்னொரு வகையும் உண்டு. 2021-ல் கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு கிளைடர் மணிக்கு 880 கிலோமீட்டரைத் தாண்டியது. எஞ்சின் கிடையாது, வெறும் காற்று!

எப்படிச் செய்கிறார்கள்?

முதல் கிளைடருக்கு ஈ.பி.பி. என்ற நுரைப்பொருள் நல்லது. தெர்மாகோல் மோதினால் உடையும். இது வளைந்து திரும்ப நிமிரும். றெக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை அட்டையில் வெட்டி இரண்டு முனையிலும் வைத்து, மின்சாரத்தில் சூடாக்கிய நிக்ரோம் கம்பியால் அறுப்பார்கள். உள்ளே பலத்துக்குக் கார்பன் குச்சி. அப்புறம் நார் வைத்த டேப், இரண்டு சின்ன சர்வோ மோட்டார், ஒரு ரிசீவர், பேட்டரி. வால் இல்லாத பறக்கும் றெக்கை வடிவத்தில் பின்னோரத்துத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து மேலே போனால் மூக்கு தூக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே போனால் அந்தப் பக்கம் சாயும்.

பெரிய போட்டிக் கிளைடர்களை அச்சில் வார்க்கிறார்கள். அச்சைத் துடைத்து மெழுகு பூசி, மேல்பூச்சு அடித்து, கண்ணாடி நார்த்துணி விரித்து, ரெசின் தடவி, காய்ந்ததும் பிரித்து எடுப்பது. கேட்ட மாதிரி இருக்கிறதா? காசிமேட்டில் ஃபைபர் போட் கட்டுபவர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். ரெசின் வகையும் கனமும் வேறு, கைப்பழக்கம் ஒன்று. நம் பகுதியில் இந்தத் திறமைக்குப் பஞ்சம் இல்லை.

பறக்கவிடும்போது மூன்று விதி. ஒன்று, எடை நடுநிலை சரியாக இருக்க வேண்டும். இரண்டு, எறியும்போது வானத்தைப் பார்த்து எறியாமல் காற்றுக்கு எதிராக நேராக எறிய வேண்டும். மூன்று, எப்போதும் மலையை விட்டு வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். முகட்டுக்குப் பின்னால் காற்று சுழன்று கீழே அமுக்கும். அங்கே போன கிளைடர் விழும்.

இங்கே விடலாமா?

இந்த இடத்தில் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. நம்மைச் சுற்றித் துறைமுகங்கள், அனல் மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை. ரோட்டில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரி. ட்ரோன் விதிகள் 2021-ல் பொழுதுபோக்கு மாடலுக்கும் இடம் உண்டு: 25 கிலோவுக்கு மிகாமல், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்க வேண்டும். ஆனால் எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடம் சொல்லும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் விடக்கூடாது. விமான நிலையத்தை ஒட்டிய மஞ்சள் மண்டலத்துக்கும் அனுமதி வேண்டும். எஞ்சின் இல்லையே, நமக்கு விதி எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். வரைபடம் பார்க்காமல், பதிவும் அனுமதியும் என்ன தேவை என்று தெரிந்துகொள்ளாமல், நம் மாடியிலிருந்தோ கடற்கரைச் சுவரிலிருந்தோ ஆர்.சி. விட வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? மலையை நாம் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம்!

அட்டைதான் மலை

காற்று மலையில் மோதினாலும், மலை காற்றில் மோதினாலும் விளைவு ஒன்றுதான். ஒரு பெரிய அட்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தால், அட்டைக்கு முன்னால் காற்று மேலே ஏறும். அதில் மிக லேசான காகிதக் கிளைடர் மிதக்கும். நூல் இல்லை, பேட்டரி இல்லை, அனுமதியும் தேவையில்லை. இந்தக் கூடமே போதும்.

செய்முறை இதோ. பழைய டெலிபோன் டைரக்டரித் தாள் அல்லது அதைப்போல மெல்லிய தாள். சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். இரண்டு குறுகிய முனைகளையும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு மேல்நோக்கி நிமிர்த்துங்கள். நீள ஓரங்களில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் பாதி மடியுங்கள். தலைக்கு மேலே பிடித்து விட்டால் அது உருண்டுகொண்டே முன்னால் போகும். ஒரு பக்கமாக ஓடினால் முனை மடிப்புகளைச் சரிசெய்யுங்கள்.

இப்போது ஃபேனை நிறுத்துங்கள். டிவி வந்த பெட்டியிலிருந்து ஒரு அட்டை, இரண்டடிக்கு இரண்டரை அடி. மேல் ஓரம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்படி பிடித்து, தாளை உயரத்திலிருந்து விட்டு, உடனே அட்டையோடு பின்னாலேயே நடங்கள். தாள் கீழே இறங்கினால் கொஞ்சம் வேகமாக நடங்கள். அட்டைக்கு மேலே தாண்டி வரப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள். திருப்ப வேண்டுமா? அட்டையின் ஒரு பக்கத்தை முன்னால் தள்ளுங்கள், மறுபக்கம் திரும்பும். முதல் இருபது தடவை விழும். அப்புறம் கூடத்தையே சுற்றி வரும்.

இது முதல் படி. இரண்டாவது படி தெர்மாகோல் தட்டில் கையால் எறியும் கிளைடர். மூக்கு தூக்கித் தடுமாறி விழுந்தால் மூக்கில் களிமண் சேர்க்க வேண்டும், குத்தி விழுந்தால் எடுக்க வேண்டும். எடை நடுநிலையைக் கை கற்றுக்கொள்வது அப்போதுதான். கல்லூரியில், பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவு கிடைத்தால் அங்கே ஏரோமாடலிங்கே பயிற்சி. மூன்றாவது படி ஆர்.சி. அதற்குப் பெரியவர்களோடு, அனுமதி உள்ள திறந்த சரிவுக்குப் போக வேண்டும். பாராகிளைடிங்கும் இதே சரிவுக்காற்றைப் பயன்படுத்துகிறது.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாஞ்சா விளையாட்டு அடுத்தவன் நூலை அறுப்பதில் முடிகிறது. கிளைடரில் காற்றைக் கவனிக்காதவன் ஜெயிக்க முடியாது. பிள்ளை ஒரு மணி நேரம் போனைக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கவனிக்கப் பழகுகிறான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

என் கோரிக்கை இரண்டு. ஞாயிறு மாலை நான்கு முதல் ஐந்து வரை இந்தக் கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அட்டையும் தாளும் நான் கொண்டுவருகிறேன். மாடிச் சாவி பொறுப்பான பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும். காற்றைப் பார்க்க, பருந்தைப் பார்க்க அவரோடு பிள்ளைகள் மேலே போகட்டும். பூட்டு மாஞ்சாவுக்கு, காற்றுக்கு இல்லை.



கேள்வி நேரத்திலிருந்து

*பால்கனியிலிருந்து கிளைடர் எறியலாமா?*
வேண்டாம். கட்டட ஓரத்தில் காற்று சுழலும், எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதைப் பிடிக்கப் பிள்ளை எட்டிக் குதிப்பதுதான் பெரிய ஆபத்து.

*காத்தாடி மாதிரி இதுவும் பையன்கள் விளையாட்டுதானா?*
மாடியில் பெண் பிள்ளைகளை நாம் விட்டதில்லை, அதனால் அப்படித் தோன்றுகிறது. கூடத்தில் அந்தப் பேச்சே இல்லை. மெதுவாக, சீராக நடப்பவர்தான் இதில் கெட்டிக்காரர்.

*ஆர்.சி. பேட்டரி வீட்டில் சார்ஜ் போடலாமா?*
லித்தியம் பேட்டரியை அதற்குரிய சார்ஜரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பின, நசுங்கின பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

*எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு இதில் என்ன?*
டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருப்பார். கையில் ஒரு அட்டையோடு நடங்கள். பேரப்பிள்ளை தானாகவே பின்னால் வருவான்.