கண்ணகி தங்கியிருந்த வீடு



பெண்ணாடத்தில் நின்றுகொண்டு விருத்தாசலத்தைத் தள்ளிவைத்துப் பேச முடியாது. விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மைதான் நினைவுக்கு வரும். நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கூரைப்பேட்டை நினைவுக்கு வரும். 2003 ஜூலை 8 அன்று முருகேசனுக்கும் கண்ணகிக்கும் ஊர் பார்க்க விஷம் ஊற்றி, கொன்று, எரித்தார்கள். அந்தக் கொலையைப் பற்றி நாம் இருபது வருடத்துக்கும் மேலாகப் பேசி வருகிறோம். அதற்கு முந்தைய சில நாட்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

முருகேசன் இன்ஜினியரிங் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் குடும்பத்துப் பெண். அவருக்கு 25 வயது, இவருக்கு 22. மே 5 அன்று பதிவுத் திருமணம் செய்துகொண்டு யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்கள். ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவர்கள் கையில் சட்டம் இருந்தது, சான்றிதழ் இருந்தது. போய்த் தங்க ஒரு வீடு மட்டும் இல்லை. கடைசியில் மூங்கில்துறைப்பட்டில், முருகேசனின் உறவினர் வீட்டில் கண்ணகி தங்கினார். அந்த வீட்டைக் கொலைகாரர்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. முருகேசனைப் பிடித்து, சித்திரவதை செய்து, இடத்தைச் சொல்ல வைத்தார்கள். பிறகு கண்ணகியை அங்கிருந்து கொண்டுவந்தார்கள்.

சிபிஐ குற்றப்பத்திரிகையில் 15 பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் முருகேசனின் சொந்தக்காரர்கள். செத்தவன் வீட்டுக்காரர்களே குற்றவாளிக் கூண்டில்! வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் போராடிய அந்த வழக்கில், 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்து, அந்த இருவரையும் விடுதலை செய்தது. பதினெட்டு வருடம் கழித்து. தண்டனை பெற்றவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

இதில் நாம் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சாதி கடந்து வரும் பிள்ளைக்கு முதலில் திறக்கிற கதவு பெரும்பாலும் தலித் உறவினர் வீட்டுக் கதவுதான். தாழ்ப்பாள்கூட சரியாக விழாத கதவு அது. அதைத் திறந்ததற்கு விலை கொடுப்பது அந்த ஒரு குடும்பம் மட்டுமல்ல, காலனியே கொடுக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் எரிந்தன. இளவரசன், திவ்யா என்ற இரண்டு பேரின் கல்யாணத்துக்காக 250 வீட்டுக்கு மேல் போனது. மெத்தை வீடும் காம்பவுண்டு சுவரும் வைத்திருக்கும் நம் முற்போக்கு நண்பர்கள் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறார்கள். நல்லது, போடட்டும். மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறதே, அதைக் கேட்டால்தான் "வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்கிறார்கள்.

திறந்தவர்களும் உண்டு. 2024 ஜூனில் திருநெல்வேலியில் சாதி மறுப்புத் திருமணம் நடத்தி வைத்ததற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கட்சி, இப்படிப்பட்ட திருமணங்களுக்குத் தன் அலுவலகங்கள் எல்லாமே திறந்திருக்கும் என்று அறிவித்தது.

அரசாங்கத்தின் கடமையும் எழுத்தில் இருக்கிறது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. மாவட்டத் தலைநகரத்தில் பாதுகாப்பு இல்லம் அமைக்க அரசு ஆலோசிக்கலாம், முதலில் ஒரு மாதம், தேவைப்பட்டால் ஒரு வருடம் வரை தங்க வைக்கலாம் என்றும் சொன்னது. மாணவத் தோழர்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதும்போது இந்தத் தேதியோடு எழுதுங்கள். நம் மாவட்டத்தில் அந்த வீடு எது, சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் காலேஜ் பையோடு எங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தாள். மூன்று ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். அந்த வீட்டு அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டார். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு "எங்க அண்ணன் பொண்ணு" என்றார். அவ்வளவு செய்த நாங்கள், பாதுகாப்பு என்று சொல்லி அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டோம். கல்யாணத் தேதியையும் நாங்களே குறித்தோம். நாலாம் நாள் அவள் கேட்டாள்: "எங்க வீட்லயும் இதத்தானேண்ணா செஞ்சாங்க?" எங்களிடம் பதில் இல்லை. போனைக் கொடுத்தோம். கல்யாணம் இப்போது வேண்டாம், முதலில் பரீட்சை எழுத வேண்டும் என்றாள். எழுதினாள்.

18 வயது முடிந்தவள் மேஜர். ஸ்டேஷனில் "அப்பா அம்மாவோட போம்மா" என்று அனுப்பிவைக்க யாருக்கும் அதிகாரமில்லை என்று நாம் வாதாடுகிறோம். அடைக்கலம் கொடுக்கிற நமக்கும் அந்த அதிகாரம் கிடையாது. எங்கே இருப்பது, யாரோடு இருப்பது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் அவள் முடிவு. நம் வேலை சோறு, படுக்கை, பத்தாவது மார்க் ஷீட்டும் ஆதாரும் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது, வக்கீலுக்குப் போன் போடுவது. வீடு எங்கே என்று தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. முருகேசனிடமிருந்து இடத்தை எப்படி வாங்கினார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் பிடிபட்டால் அந்த மணி நேரத்திலேயே இடம் மாற்ற இரண்டாவது வீடு தயாராக இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது வீடுகளைத்தான் இன்று கேட்கிறோம். காலனிக்கு வெளியே, ஊருக்குள்ளே இருக்கும் வீடுகளை முதலில் கேட்கிறோம். ஓர் அறை கொடுக்க முடியும் என்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களில் ஒருவரிடம் தனியாக வந்து சொல்லுங்கள். முகவரியை எதிலும் எழுதித் தர வேண்டாம்.