குளிர்காலத்து விருந்தாளி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, இன்றைக்கும் எங்களை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் உரிமை படைத்த பேராசிரியப் பெருமக்களே, 1975-78 இயற்பியல் வகுப்புத் தோழர்களே, கடைசி வரிசையில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே!

போன மாதம் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "வருஷா வருஷம் பனிக்காலம் பூரா ஊருக்கு வந்து இருக்கியே, அதைப் பத்திப் பேசுடா. வெளிநாட்டுல இருக்கிற நம்ம பசங்க எல்லாம் எப்படிச் செய்யறதுன்னு கேக்கறாங்க" என்றார். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். ஐந்தே போதும் என்பது என் மனைவியின் கட்சி.

நான் கனடாவுக்குப் போனது 1989-ல். டொரண்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வீடு. 2017-ல் ஓய்வு பெற்றேன். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் அக்டோபர், நவம்பரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். பனி உருகியபின் ஏப்ரலில் திரும்புவார்கள். 'ஸ்நோபேர்ட்', அதாவது பனிப்பறவை, என்று இவர்களுக்குப் பெயர். என்னோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் இப்படிப் போகிறவர்கள். "நீயும் தெற்கே போகப் போகிறாயாமே, எந்த ஊர்?" என்று கேட்டார்கள். குந்தாரப்பள்ளி என்றேன். அது ஃப்ளோரிடாவில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

இங்கே அந்தக் கேள்வி வராது. இருந்தாலும் வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் சாலையில், சூளகிரிக்கு முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். நாங்கள் படித்த காலத்தில் அந்தச் சாலை என்.எச். 7. இப்போது 44. நம்பர் மாறினாலும் வெள்ளிக்கிழமைச் சந்தை மாறவில்லை. விடியுமுன்பே ஆட்டு வண்டிகள் வந்து நிற்கும். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். ஒரே ஆட்டுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் விலை பேசுவதை அங்கே கேட்கலாம். பொங்கலுக்கும் பக்ரீத்துக்கும் முந்திய வெள்ளிக்கிழமை என்றால் காலை வைக்க இடம் இருக்காது.

வர விரும்பும் நண்பர்களுக்குக் கணக்குவழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கனடா குடியுரிமை வாங்கியவர்கள் ஓ.சி.ஐ. அட்டை எடுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் விசாவுக்கு அலைய வேண்டாம். 2005-ல் வந்த ஏற்பாடு அது. ஒண்டாரியோ மாகாணத்தின் இலவச மருத்துவ வசதி கைவிட்டுப் போகாமல் இருக்க, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருந்தாக வேண்டும். இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கிவிட்டால் வருமான வரிக் கணக்கில் நீங்கள் உள்ளூர்வாசி. இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வைத்திருப்பவர்களுக்கு 120 நாளிலிருந்தே சிக்கல் ஆரம்பம். அப்படிப்பட்டவர்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இங்கே வரும் வருமானம் அண்ணன் கொடுக்கும் இரண்டு மூட்டை ராகி. டிசம்பர் இரண்டாம் வாரம் ஆனால் விமான டிக்கெட் விலை எகிறிவிடும். ஆகவே நவம்பர் நடுவில் வந்து மார்ச் முதல் வாரம் திரும்புகிறேன். இதுதான் என் வழக்கம். கொரோனாக் காலத்தில் மட்டும் தடைபட்டது.

பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கி ஓசூரைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போதே மனசு லேசாகிவிடும். அங்கே மைனஸ் பதினைந்தில் காதுமடல் விறைத்துக்கொண்டிருக்கும். இங்கே மார்கழிக் குளிருக்கு அண்ணன் மப்ளர் சுற்றிக்கொண்டு நடுங்குவார், நான் பனியனோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. பொங்கல் முடிந்தால் சுற்றுப்பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா. தை கடைசியில் புளி உலுக்குவார்கள், வீட்டு வாசல் முழுக்கப் புளி காயும். வெள்ளிக்கிழமை காலையில் சந்தை டீக்கடையில் எங்கள் வகுப்பு ஆட்கள் நாலு பேர் கூடுவோம். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒருவர் ஓசூர்க் கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர். இன்னொருவர் விவசாயி. பேர் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை டீக்காசு என் தலையில் விழும். என் மனைவி பத்து நாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, கச்சேரி கேட்கச் சென்னைக்கு அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். பொங்கலுக்கு முதல் நாள்தான் வருவாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் செயலாளர் கேட்ட பேச்சு முடிந்திருக்கும். ஆனால் இந்தத் தடவை வந்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை வேறெங்கும் பேச எனக்கு மேடை கிடையாது.

எனக்கு முன்பே குளிர்காலத்துக்குக் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். யானைகளைச் சொல்கிறேன். மழைக்காலம் முடிகிற சமயத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக நம் நெடுஞ்சாலையை ஒட்டிய சானமாவு வரை வந்துவிடும். ராகி கதிர் முற்றும் நேரம் அவற்றுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம் வகுப்பு விவசாய நண்பரோடு ஒரு ராத்திரி காவலுக்குப் போனேன். பரண் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி சுமாருக்கு ஏரிப் பக்கம் கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு கறுப்பாக ஏழெட்டு உருவங்கள், நடுவில் ஒரு குட்டி. அவர் பட்டாசைக் கொளுத்தி வீசினார், தகரத்தைத் தட்டினார். யானைகள் அவசரமே இல்லாமல் திரும்பிப் போயின. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "இதுக்கே கனடாவிலேர்ந்து வரலாம்டா" என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "உனக்கு ஒரு ராத்திரி. எனக்கு அறுபது ராத்திரி" என்றார். அந்தப் பேச்சை அன்றைக்கு நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு டொரண்டோவில் பத்துப் பேரிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் அப்பா வைத்த மாந்தோப்பு மூன்று ஏக்கர். எல்லாம் பெங்களூரா ரகம், தோத்தாபுரி என்பார்களே, அது. நேரே மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிற பழம். நான் ஊரில் இருக்கும்போது தோப்பு பூத்திருக்கும். மாசி பிறக்கும்போது உள்ளே நுழைந்தாலே தேன் வாசம் தூக்கும். பழத்தை நான் கண்டதில்லை. வைகாசி, ஆனியில் நான் அங்கே கொல்லைப்புறத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருப்பேன். 2025 பிப்ரவரியில் பூ அப்படிப் பூத்திருந்தது, இலையே தெரியவில்லை. அண்ணனை மரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்து, 'இந்த வருஷம் அமோகம்' என்று எல்லாருக்கும் அனுப்பினேன்.

அமோகமாகத்தான் காய்த்தது. நம் மாவட்டத்தில் மட்டுமில்லை, சித்தூரில், கோலார் பக்கத்தில், எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளியது. ஜூன் மாதம் தோத்தாபுரி கிலோ நாலு ரூபாய், ஐந்து ரூபாய்க்கு விழுந்தது. பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் போட்டால் கையிலிருந்துதான் போகும். விவசாயிகள் போராட்டம் நடத்தினார்கள். ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று விலை வைத்து, அதில் 4 ரூபாயைத் தானே கொடுப்பதாக அறிவித்தது. வெளி மாநிலப் பழம் சித்தூருக்குள் வரக்கூடாது என்று தடையும் வந்தது. இதெல்லாம் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குத்தான் தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை அண்ணனோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். "எப்படிண்ணா இருக்கீங்க?" "நல்லா இருக்கோம்பா, அங்க குளிர் விட்டுச்சா?" அவ்வளவுதான் பேச்சு.

நவம்பரில் வந்து இறங்கி மறுநாள் காலை தோப்புக்குப் போனேன். வடக்கு ஓரத்தில் மூன்று வரிசையைக் காணோம். வெறும் அடிக்கட்டைகள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு. அப்பாவும் நானும் 1979-ல் குழி எடுத்த வரிசையும் அதில் சேர்த்தி.

"ஏண்ணா சொல்லலை?" என்றேன்.

அண்ணன் கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். "நீ பூ போட்டோ அனுப்பினே. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்கன்னு சொன்னே. எதுக்கு அதைக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. விறகுக்கு என்ன விலை வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அண்ணி சாப்பாடு போடும்போது சாதாரணமாகத்தான் சொன்னார்கள்: "மார்கழியில வர்றவங்களுக்கு இந்த ஊரு எப்பவும் நல்லாத்தான் தம்பி இருக்கும்." பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2024 வெயிலில் மரம் காய்ந்துபோகாமல் இருக்க டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். ஒரு ஆடியில் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருக்கிறது. எட்டு வருஷமாக ஊரோடு இருக்கிறேன் என்று நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அறுவடை, பொங்கல், பூ, இந்த மூன்றோடு மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

மாணவர்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. உங்களில் பலர் ஓசூருக்கு, பெங்களூருக்கு, அதற்கும் அப்பால் போகப் போகிறவர்கள். இப்போது நம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து பெண் பிள்ளைகள் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ஊருக்கு எப்போது போவாய் என்று கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை, சட் பூஜைக்கு மட்டும் என்றாள். அவள் லீவு அப்படி. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஓய்வு பெற்றவன் நான், மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நானே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், செயலாளர் முறைத்தாலும் பரவாயில்லை. இந்தச் சந்திப்பை ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வைக்கிறோம். யாருக்காக? என்னைப் போன்ற லீவுக்காரர்களுக்காக. ஊரோடு இருக்கும் தோழர்களுக்கு இது ராகிக் களத்து வேலை நேரம், மலைக்கு மாலை போட்டிருக்கும் நேரம், யானைக் காவல் நேரம். பரணில் என்னோடு உட்கார்ந்திருந்த நண்பர் இன்றைக்கும் வரவில்லை, பாருங்கள். ஒரு வருஷமாவது ஜூனில் வைத்துப் பார்க்கலாம். தலைவர் அவர்கள் செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஏப்ரல் கடைசியில் வந்து ஜூலை நடுவரை இருப்பதற்கு டிக்கெட் போட்டுவிட்டேன். வீட்டில் இதற்கு ஆதரவு குறைவு. என் பேரனுக்கு ஏழு வயது. அங்கே கோடை விடுமுறை ஜூன் கடைசியில்தான் ஆரம்பிக்கும். அவனுக்கு நீச்சல் பழக்குவதாகச் சொல்லியிருந்தேன், அது தள்ளிப்போகிறது. இரண்டு தடவையும் வருவது என்றால் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள், அவள் கேட்பதும் நியாயம்தான். ஆகவே அடுத்த டிசம்பரில் இந்தக் கூட்டத்தில் நான் இருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை டீக்கடையில் என் பங்குக் காசை யாராவது கொடுத்துவிடுங்கள்.

டிக்கெட் போட்ட விஷயத்தை முந்தாநாள் அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மே மாசம் போர்ல தண்ணி கீழ போயிடும். குளிக்க ஒரு வாளிதான். மத்தியானம் தோப்புல நிக்க முடியாது. காய் விலை என்ன வரும்னும் தெரியாது. சரின்னா வா" என்றார். சரி என்றேன். "அப்படின்னா வரும்போது நல்லதா ஒரு டார்ச் லைட் வாங்கிட்டு வா, காய் எறங்கற சமயத்துல ராத்திரிக் காவலுக்கு ஆள் கெடைக்கறதில்ல" என்றார்.