ஆங்கிலச் செட்டும் தமிழ்ச் செட்டும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தின் வளத்துக்குச் சான்று காட்டப் புகுவோர் பெரும்பாலும் ஒரு சிறு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வருவர். மூன்றே எழுத்துடைய அச்சொல் 'செட்டு' என்பது. ஆங்கிலேயர் அதன் இறுதியில் உகரம் ஒலிப்பதில்லை. வல்லின மெய்யில் சொல் முடிதல் தமிழியல்பு அன்மையின் இங்கு உகரம் சேர்த்தே சொல்லப்படும். "இந்த ஒரு சொல்லுக்கு நானூறு பொருளுக்கு மேல் உண்டு, உங்கள் தமிழில் இப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்பது அவர்தம் அறைகூவல். கேட்ட தமிழ் மாணவன் வாயடைத்து நிற்கின்றான். வீட்டுக்குச் சென்றபின் தன் மொழியை நினைத்து ஒரு முழம் குறுகுகின்றான்.

அறைகூவலில் உண்மை இல்லாமல் இல்லை. அவ்வுண்மையை முதலில் ஒப்புக்கொண்டு பின்னரே மேற்செல்லல் வேண்டும். ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகரமுதலியின் இரண்டாம் பதிப்பு 1989ஆம் ஆண்டில் 20 மடலங்களாக வெளிவந்தது. அதில் மிக நீண்ட பதிவு 'செட்டு' என்னும் சொல்லுக்கு உரியதே. ஏறத்தாழ 60,000 சொற்களில், 430 பொருள் வேறுபாடுகள் அங்கு விரித்துரைக்கப்பட்டுள்ளன. ஒரு சொல்லுக்கு எழுதிய உரை ஒரு தனி நூலாகும் அளவினது! அதன்பின் தொடங்கிய புதிய திருத்தத்தில் வேறு சொற்கள் அதனை விஞ்சின. ஓடுதலைக் குறிக்கும் ஆங்கில வினைக்கு மட்டும் 645 பொருள் கண்டதாக, அதனைத் தொகுத்த பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியர் கூறிய செய்தி 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? வானினின்று விழவில்லை. சேம்சு மரே என்பவர் இலண்டனுக்கு அருகே மில் இல் என்னுமிடத்தில் பள்ளியாசிரியராய் இருந்தவர். 1879இல் அகரமுதலிப் பணியை ஏற்றுத் தம் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை எழுப்பினார். அதனுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட புறாமாடம் போன்ற அறைகளில் மேற்கோள் எழுதிய தாள்களை அடுக்கினார். ஊர்ப்பேர் அறியாத படிப்பாளிகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கூலி பெறாமல் அத்தாள்களை எழுதி விடுத்தனர். பத்தாண்டில் முடிப்பதாக ஒப்பந்தம். ஐந்தாண்டு கழிந்தபோது முதலெழுத்தின் வரிசையிலேயே எறும்பைக் குறிக்கும் சொல்வரைதான் வந்திருந்தனர்! முதற்பகுதி 1884இல் வந்தது. மரே 1915இல் மறைந்தார். பணி 1928இல் முடிந்தது. நான்கு இலக்கத்துக்கு மேற்பட்ட சொற்களும் பதினெட்டு இலக்கத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் அதில் இடம்பெற்றன. 'செட்டு' அடங்கிய பகுதி என்றி பிராட்லி என்னும் உடன்பதிப்பாசிரியர் பொறுப்பில் விளைந்தது.

ஆகவே 430 என்பது ஆங்கிலச் சொல்லின் வளத்தை மட்டும் காட்டும் அளவன்று. ஆங்கிலேயர் தம் மொழிக்குச் செலவிட்ட உழைப்பின் அளவுமாகும். நகை எல்லா வீட்டிலும் உண்டு; நிறுத்துக் கணக்கெழுதிய வீட்டுக்காரன்தான் இத்தனை கழஞ்சு என்று சொல்ல முடியும். இவ்வகையில் ஆங்கிலேயனைப் பழித்தல் பொருந்தாது. அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுவதே மிகுதி.

இனி அச்சொல்லின் பிறப்பைப் பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்றால் அமர்தல். 'செட்டன்' என்றால் அமர்த்துதல். செருமானியத்திலும் 'சிட்சன்', 'செட்சன்' என்று இவ்விணை இன்றும் வழங்குகின்றது. உள்ளுயிர் மாறியதால் தன்வினை பிறவினையாயிற்று. தமிழில் அமர் என்பது அமர்த்து என்றும், இரு என்பது இருத்து என்றும், படு என்பது படுத்து என்றும் ஆவதை ஒத்த நெறியே இது. ஒன்றை ஓரிடத்தில் அமரச்செய்தல் என்னும் இவ்வொரு கருத்தினின்று கிளைகள் பிரிந்தன. மணியைப் பொன்னில் அமர்த்துதல், முறிந்த எலும்பை அதனிடத்தில் அமர்த்துதல், கோழியை முட்டைமேல் அமர்த்துதல், பொறியை எலி வரும் வழியில் அமர்த்துதல், பண்டத்துக்கு ஒரு விலையை அமர்த்துதல் என்று அது பரந்தது. பின்னர்த் தானே அமர்வதையும் குறித்தது. குழைத்த சாந்து அமர்ந்து இறுகிற்று. கதிரவன் மலைக்கப்பால் அமர்ந்தான்.

ஆனால் 'ஒரு கூட்டம்', 'ஒரு தொகுதி' என்னும் பொருளில் வழங்கும் 'செட்டு' இந்த வேரினது அன்று. அது பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீனச் சொல். பின்தொடர்தல் என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்து, ஒருவரைப் பின்பற்றும் குழுவினரைக் குறித்த 'செக்டா' என்பதே அதன் முதல். அது ஆங்கிலத்துள் புகுந்து, ஏற்கெனவே அங்கிருந்த வினைச்சொல்லோடு வடிவில் ஒன்றாகிப் பொருளிலும் கலந்துவிட்டது. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களை ஒரு குடும்பமாக எண்ணி, "எத்தனை பேர் பாருங்கள்!" என்று வியப்பது போன்றதுதான் அறைகூவுவோரின் வியப்பிற் பாதி.

தமிழில் இத்தகைய சொல் இல்லையா? தொலைவில் தேட வேண்டா. அடுப்படிக்குச் சென்றால் போதும். 'வை' என்னும் ஓரெழுத்துச் சொல் அங்கே இருக்கின்றது. பானையை அடுப்பில் வைத்தாள், குழம்பு வைத்தாள், நெற்றியில் பொட்டு வைத்தாள், குழந்தைக்குப் பெயர் வைத்தாள், கோழியை அடை வைத்தாள், கொல்லையில் தென்னை வைத்தாள், மகன்மேல் உயிரை வைத்தாள். அம்மகனோ கடைத்தெருவில் கடை வைத்தான். பண்டத்துக்கு விலை வைத்தான். கூட்டாளி பேச்சில் நம்பிக்கை வைத்தான். நிலத்தை ஒற்றி வைத்தான். முடிவில் கடன் வைத்துவிட்டுப் போனான். 'சிரிக்க வைத்தான்' என்னும்போது அச்சொல் தன் முதற்பொருளையே விட்டுப் பிறவினைத் துணையாய் நிற்கின்றது. 'செட்டு' போலவே 'வை'யும் ஓர் இடத்தில் இருத்துதல் என்னும் ஒரே கருத்தினின்று கிளைத்தது. அதுவுமன்றி, கூர்மையைக் குறிக்கும் 'வை' ஒன்று உரிச்சொல்லாய்த் தொல்காப்பியத்திலேயே உண்டு; வைக்கோலைக் குறிக்கும் 'வை' மற்றொன்று. இவையும் ஒரே கூரையின்கீழ் வேறு வேறு குடும்பங்களே. எண்ணிப் பட்டியலிட ஒரு மரே வாய்க்காத குறையே தவிரச் சொல்லில் குறையில்லை. 'படு' என்பதை எடுத்தாலோ இவ்வுரை இன்று முடியாது.

பலபொருள் ஒருசொல் என்று இவற்றுக்குப் பெயரிட்டு, வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியப்படும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் நெறி வகுத்தார். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. திவாகரத்தின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆகவே ஆங்கிலேயன் காட்டும் வியப்பு தமிழனுக்குப் புதியதன்று.

உண்மையான இடர் வேறொரு புறத்தில் இருக்கின்றது. பல பொருள் உள்ள ஓர் ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வரும்போது தனியே வருவதில்லை. தான் குறிக்கும் அத்தனை பொருளுக்கும் உரிய தமிழ்ச் சொற்களின் இருக்கையைக் கேட்டுக்கொண்டு வருகின்றது. 'செட்டு' எத்தனை இருக்கை கேட்கின்றது என்று பாருங்கள். பொற்கொல்லர் கல்லைப் பதிப்பார், இழைப்பார். அச்சகத்தார் எழுத்துக் கோத்தனர். கொத்தனார் பூசிய சாந்து இறுகும். ஆய்ச்சி பிரை குத்திய பால் உறையும். இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றே; தமிழிலோ இறுகுதல் வேறு, உறைதல் வேறு. மாமரம் பூத்தபின் காய்பிடிக்கும். கரும்பு நடுவோர் வெட்டி நடும் துண்டு, கரணை. பொழுது சாயும், அடையும், படும். நெய்தல் நிலத்துக்குரிய 'எற்பாடு' என்னும் சிறுபொழுதின் பெயரும் ஞாயிறு படுதலினின்று வந்ததென்று உரையாசிரியர் கொண்டனர். பாட்டுக்குப் பண்ணமைப்பர், பயணம் புறப்படுவர், பந்தயம் கட்டுவர், கண்ணி வைப்பர், தீ மூட்டுவர். இத்தனை வினைகளையும் விட்டுவிட்டு, 'செட்டுப் பண்ணு' என்னும் ஒன்றைக் கட்டிக்கொள்வது வளமா, வறுமையா?

கணக்கியலில் வரும் 'செட்டு' தனியாகச் சொல்லத்தக்கது. கேண்டர் என்னும் செருமானியக் கணக்கறிஞர் 1870களில் தோற்றுவித்த துறை அது. தமிழ்நாட்டுப் பள்ளிநூல்கள் அதனைக் 'கணம்' என்று வழங்குகின்றன. ஈழத்துப் பள்ளிநூல்களோ 'தொடை' என்கின்றன. தொடுக்கப்படுவது தொடை, பூத்தொடை, பாத்தொடை என்று முன்பே வழங்கிய சொல். காலின் உறுப்பன்றோ தொடை என்று நகுவார் இங்குண்டு. சார்பால் பொருள் தெளியும் என்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று போலும்! ஈழத்து மாணவன் எவனும் கணக்குத்தாளில் காலை வரைந்ததாகக் கேள்வியில்லை.

தமிழ்ப்பற்றுடையோர் செய்யும் பிழையும் ஒன்றுண்டு; அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆங்கிலச் சொல்லை நீக்கிய இடத்தில் எல்லாம் 'அமைப்பு' என்னும் ஒரே சொல்லை இட்டு நிரப்புவதே அது. கைப்பேசியில் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் பகுதி அமைப்புகள். ஒரு கட்டடத்தின் கட்டுமானம் அமைப்பு. ஒரு கழகம் அமைப்பு. ஒரு முறைமையும் அமைப்பு. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாய் இருந்தவை தமிழில் ஒன்றாய்ச் சுருங்கின. சொல்லுக்குச் சொல் நேர் வைக்கும் சோம்பலின் விளைவு இது. பொருளை நோக்கி மொழிபெயர்த்தால் வரிசை, தொகுதி, கட்டு, இணை, குழாம், தொடை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொன்று கிடைக்கும்.

முடிவாக ஒன்று. கடன் வாங்கிய இச்சொல்லுக்கு ஆங்கிலேயனே அறியாத பொருளையும் தமிழர் கொடுத்துவிட்டனர். "அவனுக்கும் எனக்கும் செட்டு ஆகாது" என்கின்றனர். ஒத்துப்போகாது என்பது கருத்து. ஆங்கிலத்தில் இதனை இப்படியே மாற்றிச் சொன்னால் கேட்பவன் விழிப்பான். ஆங்கிலமும் ஆகாமல் தமிழும் ஆகாமல் இடையில் நிற்கும் இவ்வழக்கால் அழிவது எது தெரியுமா? 'செட்டு' என்றே ஒரு தமிழ்ச் சொல் உண்டு. வணிகம் என்பது அதன் ஒரு பொருள். சிக்கனம் மற்றொரு பொருள். சிக்கனமும் செட்டுமாய் வாழ்தல் என்பதும், செட்டாகக் குடும்பம் நடத்துதல் என்பதும் சிற்றூர்ப் பெண்டிர் நாவில் நெடுங்காலம் பயின்ற தொடர்கள். அளவறிந்து செலவிட்டு, கேட்டவர்க்கு இல்லையென்னாமல், கடனும் வைக்காமல் வாழ்ந்த ஒரு வாழ்க்கைமுறையே அம்மூவெழுத்துக்குள் அடங்கியிருந்தது. அகரமுதலியில் அச்சொல் இன்றும் இருக்கின்றது. ஆனால் நகரத்துக்கு வேலைக்குப் புறப்படும் பேரனிடம் பாட்டி, "போகிற இடத்தில் செட்டாக இருந்துகொள், ஐயா" என்று சொன்னால், "யாரோடு பாட்டி?" என்றுதான் அவன் கேட்பான்.